சடையாண்டி கட்டாத அபராதம்

முதலில் துரோகம் செய்தவன் பெயரைச் சொல்லிவிடுகிறேன் சார். சடையாண்டி. நரியூத்து சடையாண்டி, மாட்டுத் தரகன். பெயரை முதலிலேயே சொல்வதற்குக் காரணம் உண்டு. போன வாய்தாவுக்குப் போகும்போது இதே பஸ்ஸில் ஒருத்தரிடம் ஆதியிலிருந்து சொல்லிக்கொண்டு வந்தேன். சடையாண்டி என்ற பெயருக்கு நான் வந்து சேர்வதற்குள் அவர் இறங்கிப் போய்விட்டார். கோர்ட் ஸ்டாப்புக்கு டிக்கெட் எடுத்த மனுஷன் பாதி வழியில் ஏன் இறங்கினார் என்று கண்டக்டர் என்னைக் கேட்கிறார். நீங்கள் ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருக்கிறீர்கள். நல்லது. என்னைத் தாண்டித்தான் இறங்க வேண்டும்.

என் பெயர் பரமன். நானும் மாட்டுத் தரகன்தான். மூன்றாம் வகுப்பு வரை போனேன். எண் எல்லாம் தெரியும். எழுத்து என்றால் என் பெயரும், பஸ் போர்டும், கோர்ட்டில் ஒட்டுகிற வழக்குப் பட்டியலில் என் வழக்கு நம்பரும். நம்பர் எழுத்து இல்லை என்று வீராயி சொல்வாள். வீராயி என் சம்சாரம்.

அந்தச் சடையாண்டி எனக்கு ரெண்டாயிரத்து ஐந்நூறு ரூபாய் தர வேண்டும். கைமாற்று இல்லை சார். கைமாற்றாக இருந்தால் எப்போதோ தலைமுழுகியிருப்பேன். இது கோர்ட் போட்ட அபராதம். மூவாயிரம் ரூபாய் அபராதம், அதில் ஐந்நூறு சர்க்காருக்கு, மீதி காயம்பட்ட பரமனுக்கு என்று தீர்ப்பு. தீர்ப்பாகி ஏழு வருஷம். இதை வசூலிக்க நான் செலவழித்ததை வீராயி ஒரு தடவை கூட்டிப் பார்த்தாள். கூட்டி முடித்துவிட்டு எழுந்துபோய் உலை வைத்தாள். எவ்வளவு என்று நானும் கேட்கவில்லை.

காயம் என்ன என்று பாருங்கள். இதுதான். வலது கை ஆட்காட்டி விரல். நீட்டச் சொன்னாலும் நீளாது. முழுதாக மடக்கச் சொன்னாலும் மடங்காது. கொக்கி மாதிரி நிற்கும். மற்றவர்களுக்கு இது ஒரு விரல். மாட்டுத் தரகனுக்கு இது வாய். சந்தையில் நாங்கள் விலையை வாயால் சொல்வதில்லை. கைமேல் துண்டைப் போட்டு மூடிக்கொள்வோம், உள்ளே விரலைப் பிடித்துச் சொல்வோம். ஒரு விரலைப் பிடித்தால் ஆயிரம். அதே விரலை மடக்கிப் பிடித்தால் ஐந்நூறு. கையோடு சேர்த்துப் பிடித்தால் ஐயாயிரம். சுற்றி ஐம்பது பேர் நிற்பார்கள், ஒருத்தனுக்கும் தெரியாது. இப்போது என் நிலைமையை யோசியுங்கள். எதிராளி என் ஆட்காட்டி விரலைப் பிடித்தால் அது பிடிக்கும் முன்பே மடங்கி இருக்கிறது. அவன் சொன்னது ஆயிரமா ஐந்நூறா என்று எனக்கும் தெரியாது, அவனுக்கும் தெரியாது. ஒரு வருஷம் சமாளித்தேன். அப்புறம், "பரமன் கையில பேசினா பாதி விலைக்குப் போயிரும்டா" என்று சந்தையில் ஒரு பேச்சு கிளம்பியது. அதோடு என் தொழில் போயிற்று. இப்போது தவிடு, புண்ணாக்கு மூட்டைக்கு வண்டி பேசிவிடுகிறேன். அதற்கு விரல் வேண்டாம்.

அடி எப்படி விழுந்தது என்று கேட்கவில்லையே. கேளுங்கள்.

பதினோரு வருஷம் ஆயிற்று. சனிக்கிழமைச் சந்தை. பொன்னழகு என்று ஒரு பொம்பளை, புருஷன் செத்துப்போனவள், ஒற்றைக் காளையை விற்கக் கொண்டுவந்தாள். சடையாண்டிக்குத் தூரத்துத் தங்கச்சி முறை. ஆனாலும் என்னிடம்தான் வந்தாள், ஏனென்றால் நான் அப்போது பெரிய தரகன். கம்பத்து வியாபாரி ஒருத்தர் கேட்டார். அவர் என் கையில் இருபத்திரண்டு சொன்னார். நான் பொன்னழகு கையில் பதினெட்டு சொன்னேன். நடுவில் இருக்கிற நாலு, தொழில். எல்லாத் தரகனும் செய்கிறதுதான். அவள் பதினெட்டுக்குச் சரி என்று தலையாட்டிவிட்டாள். அழக்கூட இல்லை. திரும்பி வியாபாரியின் கையைப் பிடித்து விலையை முடிக்கப் போகிறேன், அப்போது சடையாண்டி பின்னாலிருந்து வந்து துண்டை உருவினான் சார்.

துண்டை உருவுவது என்றால் உங்களுக்குப் புரியாது. வேட்டியை உருவுவதுகூடப் பரவாயில்லை. என் கை, அந்த வியாபாரியின் கை, என் விரல், அவர் விரல், எல்லாம் பட்டப்பகலில் தெரிகிறது. சடையாண்டி சத்தமாகச் சொல்கிறான், "தங்கச்சி, எண்ணிக்க. அவரு பிடிச்சிருக்கறது இருபத்திரண்டு."

சந்தையே சிரித்தது. நான் அவனை அடிக்கவில்லை. அதை நான் சத்தியமாகச் சொல்வேன், கோர்ட்டிலும் சொன்னேன். சாட்டைக் கம்பை ஓங்கினேன், அவ்வளவுதான். ஓங்கினது இரண்டு தடவை. இரண்டாவது தடவை அவன் தோளில் லேசாகப் பட்டிருக்கலாம். அவன் கம்பைப் பிடுங்கித் திருப்பிப் போட்டான். என் விரல் நடுவில் இருந்தது.

கேஸ் நாலு வருஷம் நடந்தது. என் பக்கம் சாட்சி சொல்ல வந்தது மூன்று பேர். என்னையும் அவனையும் விட்டுச் சந்தையில் மொத்தம் அறுபது தரகர் இருந்தார்கள். வராத ஐம்பத்தேழு பேரோடும் அன்றைக்கே பேச்சை நிறுத்திவிட்டேன். இன்றுவரை பேசுவதில்லை. அதில் எட்டுப் பேர் செத்துப்போனார்கள். நான் சாவுக்கும் போகவில்லை. ஐம்பத்தேழு பேரோடு பேசாமல் இருப்பது லேசான வேலை இல்லை சார். யாரோடு பேசக்கூடாது என்று நினைவு வைத்துக்கொள்ள வேண்டும். ஒரு தடவை பழக்கதோஷத்தில் ஒருத்தனுக்கு வணக்கம் போட்டுவிட்டு, வீடு வரைக்கும் என்னையே திட்டிக்கொண்டு வந்தேன்.

தீர்ப்பு வந்தது. மூவாயிரம் அபராதம், கட்டாவிட்டால் ஒரு மாதம் ஜெயில். ஜெயிலுக்குப் பயந்து கட்டிவிடுவான் என்று நான் புதுச் சட்டை போட்டுக்கொண்டு போயிருந்தேன், என் முன்னால் எண்ணி வைப்பான் என்று. அவன் மாஜிஸ்திரேட்டைப் பார்த்து, "ஒரு மாசம் போயிட்டு வந்துர்றேங்கய்யா" என்றான். டவுனுக்குப் போய்விட்டு வருகிற மாதிரி.

போனான். வந்தான். வந்தவன் கொஞ்சம் சதை போட்டிருந்தான். சந்தையில் உட்கார்ந்து, "கட்டியாச்சுப்பா, உடம்பால கட்டியாச்சு" என்று சொல்லிக்கொண்டு திரிகிறான். நானும் கதை முடிந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். முடிந்திருக்கும். ரத்தினவேல் என்று வக்கீல் குமாஸ்தா ஒருத்தர் இருக்கிறார். அவரிடம் டீக்கடையில் என் விரலைக் காட்டி அழுதேன். அவர் டீயை வைத்துவிட்டு, "அண்ணே, ஜெயிலுக்குப் போனா சர்க்காருக்கு உள்ள ஐந்நூறு போச்சு. உங்களுக்குக் குடுக்கச் சொன்ன நஷ்டஈடு போகாது. அதுக்கு ஜப்தி வாரண்ட் கேக்கலாம்" என்றார். மனு எழுத நூற்றைம்பது ரூபாய். அந்த மனுஷன் மட்டும் அன்றைக்கு டீ குடிக்க வராமல் இருந்திருந்தால் நான் இன்றைக்கு இந்த பஸ்ஸில் இருக்க மாட்டேன். நீங்களும் நிம்மதியாக வந்திருப்பீர்கள்.

ஜப்தி வாரண்ட் என்றால், அவன் வீட்டுச் சாமானை எடுத்து விற்று அபராதத்தை வசூல் பண்ணு என்று கோர்ட் போலீசுக்குப் போடுகிற உத்தரவு. கோர்ட் போட்டுவிடும். போட்டதோடு சரி. அது தபாலில் ஸ்டேஷனுக்குப் போகும், ஸ்டேஷனில் ஒரு கட்டில் சேரும், கட்டின்மேல் இன்னொரு கட்டு ஏறும். ஆக, அதைப் பார்த்துக்கொள்ள ஒரு ஆள் வேண்டும். நான் பார்த்துக்கொண்டேன். வாரா வாரம் ஸ்டேஷனுக்குப் போவேன். ஏட்டு அருளப்பன் என்னைப் பார்த்ததும், "வாங்க, அபராத இன்ஸ்பெக்டர்" என்பார். நான் முதலில் அதை மரியாதை என்று நினைத்தேன்.

நாலு தடவை ஏட்டையாவை என் டிவிஎஸ் வண்டியில் பின்னால் உட்காரவைத்து நரியூத்துக்குக் கூட்டிப்போனேன். பெட்ரோல் என்னுடையது, போகும்போது டீ, வரும்போது புரோட்டா. சடையாண்டி வீட்டில் இருந்ததெல்லாம் ஒரு கட்டில், நாலு பாத்திரம், அப்புறம் சர்க்கார் கொடுத்த இலவச டிவி, மிக்சி, ஃபேன்.

"டிவியை எடுங்க ஏட்டையா" என்றேன்.

அவர் குனிந்து டிவிக்குப் பின்னால் எழுதியிருந்ததைப் படித்தார். "விற்பனைக்கு அல்லன்னு போட்டிருக்குய்யா. சர்க்கார் குடுத்த டிவிய சர்க்காரே ஏலம் போட்டா என் வேலை போயிரும்."

"கட்டில்?"

"கட்டில்ல அவன் மாமியா படுத்திருக்கு."

மாமியார் எழுந்திருக்கவே இல்லை. நாலு தடவை போனோம், நாலு தடவையும் படுத்திருந்தது. வாரண்டில் 'ஜப்தி செய்ய அசையும் சொத்து ஏதும் இல்லை' என்று எழுதித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அசையும் சொத்து என்கிற வார்த்தைக்கு அன்றைக்குத்தான் அர்த்தம் தெரிந்தது. அந்த வீட்டில் அசையாமல் இருந்தது மாமியார் மட்டும்.

போன சித்திரையில், நரியூத்துப் பக்கம் தவிட்டு வண்டியோடு போனேன். சும்மா எட்டிப் பார்த்தேன். சும்மா இல்லை, நான் அந்தப் பக்கம் போனால் எட்டிப் பார்க்காமல் வருவதில்லை. அவன் மாட்டுக் கொட்டத்தில் ஒரு கலப்பினப் பசு நின்றது. ஆறு மாதச் சினை. முப்பத்தைந்துக்குக் குறையாது.  ஸ்டேஷனில் கிடந்த ஐந்தாவது வாரண்டோடு மறுநாளே ஏட்டையாவைக் கூட்டிக்கொண்டு போய் நின்றேன்.

சடையாண்டி கயிற்றைப் பிடித்துக்கொண்டு, "ஏட்டையா, இது என் மாடு இல்லீங்க. தங்கச்சி பொன்னழகு மாடு. அவ திருப்பூருக்கு மில்லு வேலைக்குப் போயிருக்கா. என் கொட்டத்துல கட்டிட்டுப் போயிருக்கா" என்றான்.

"பொய்யி" என்றேன் நான்.

"ஜப்திக்குப் போனா எல்லா மாடும் தங்கச்சி மாடுதான்" என்றார் ஏட்டையா. அவர் வேலையில் முப்பது வருஷம் பார்த்தவர். மாட்டை அவிழ்த்தோம்.

அவிழ்த்து எங்கே கட்டுவது? ஸ்டேஷனில் இடம் இல்லை, இருக்கிற இடத்தில் பிடித்த மணல் லாரி நிற்கிறது. தீனிக்கு சர்க்காரில் பணம் இல்லை. ஏட்டையா என்னைப் பார்த்தார். "நீங்கதானே மாட்டுக்காரரு" என்றார். ஒரு பேப்பரில் கையெழுத்துப் போடச் சொன்னார். போட்டுவிட்டுத்தான் ரத்தினவேலிடம் படிக்கச் சொன்னேன். ஏலம் வரைக்கும் பரமன் தன் செலவில் பசுவைப் பராமரிக்க வேண்டும், பசுவுக்கு ஏதும் ஆனால் முப்பத்தைந்தாயிரம் ரூபாய்க்குப் பரமன் பொறுப்பு. ரெண்டாயிரத்து ஐந்நூறை வாங்கப்போன ஆள் முப்பத்தைந்தாயிரத்துக்கு ஈடு நிற்கிறேன். ரத்தினவேல் சிரித்த சிரிப்பில் டீ மூக்கில் ஏறிவிட்டது.

எண்பத்து நாலு நாள் சார். பசும்புல், பருத்திக்கொட்டை, புண்ணாக்கு. காலையில் குளிப்பாட்டு. கொசுவுக்கு வேப்பிலைப் புகை. எங்கள் வீட்டில் நாங்கள் ரசம் ஊற்றிச் சாப்பிட்டுக்கொண்டு, கோர்ட் மாட்டுக்குப் பருத்திக்கொட்டை ஆட்டினோம். இளைத்துவிட்டால் விலை போகாதே. விலை போகாவிட்டால் என் பணம் எப்படி வரும்? வீராயி ஒரு நாள், "மாட்டுக்கு ஜாதகம் நல்லாருக்கு. அபராதம் கட்டுறவன் வீட்டை விட்டு வாங்குறவன் வீட்டுக்கு வந்து திங்குது" என்றாள். எண்பதாவது நாள் மத்தியானம் கன்று போட்டது. கிடேரிக் கன்று. நான்தான் இழுத்து வெளியே எடுத்தேன், இந்த விரலை வைத்துக்கொண்டு. கொக்கி மாதிரி இருக்கிறதால் கால் நன்றாகப் பிடிபட்டது. பதினோரு வருஷத்தில் இந்த விரலால் நடந்த ஒரே நல்ல காரியம் அதுதான், அதுவும் அவன் மாட்டுக்கு.

ஏலத்தன்று டாடா ஏஸ் வண்டி பிடித்து மாட்டையும் கன்றையும் கோர்ட்டுக்குக் கொண்டுபோனேன். வாடகை ஆயிரத்து இருநூறு. சந்தைத் தரகர்கள் இருபது, முப்பது பேர் வந்து வெளியே நின்றார்கள். ஏலம் கேட்க இல்லை. வேடிக்கை பார்க்க. எங்கள் சந்தையில் ஒரு வழக்கம் உண்டு, இன்னொரு தரகனின் மாடு ஜப்தியில் வந்தால் கை வைக்க மாட்டார்கள். அதை நான் மறக்கவில்லை. ஆனால் முப்பத்தைந்தாயிரம் பெறுகிற மாடு கன்றோடு மலிவாகக் கிடைத்தால் வழக்கம் மாறும் என்று நினைத்தேன். மாறவில்லை.

உள்ளே மாஜிஸ்திரேட் அம்மா, வயது முப்பதுகூட இருக்காது. "யார் கேக்கறீங்க?" என்றார்கள். ஒருத்தனும் வாயைத் திறக்கவில்லை. மறுபடி கேட்டார்கள்.  யாரும் கேட்காவிட்டால் மாடு திரும்பிப் போய்விடும், என் பணம் போய்விடும். நானே கேட்டுவிடுவது என்று முன்னால் போனேன். நானே எடுத்து, அந்தப் பணத்திலிருந்து கோர்ட் எனக்கு ரெண்டாயிரத்து ஐந்நூறு கொடுக்கட்டும். என் பணத்தை நானே எனக்குக் கொடுத்துக்கொள்கிறேன் என்பது அந்த நேரத்தில் எனக்குப் புத்தியில் ஏறவில்லை.

"எவ்வளவுக்குக் கேக்கறீங்க?" என்றார்கள் அம்மா.

நாற்பது வருஷத்தில் நான் மாட்டு விலையை வாயால் சொன்னது கிடையாது சார். முப்பது தரகன் வாசலில் நிற்கிறான். வாய் வரவில்லை. கால் மட்டும் போய்விட்டது. அம்மாவுக்கு முன்னால் மேஜையில் ஒரு கிளார்க் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தார். அவர் கையைப் பிடித்தேன், தோளில் கிடந்த துண்டை எடுத்து மேலே போட்டேன், விரலைப் பிடித்து விலையைச் சொன்னேன்.

அவர் பேனாவைப் போட்டுவிட்டு எழுந்துவிட்டார். "அம்மா, கையில எதோ குடுக்கறாரு."

"என்ன குடுத்தீங்க?"

"விலைங்கம்மா."

"என்ன விலை?"

"அதைத்தாங்கம்மா அவர் கைல சொல்லியிருக்கேன். அவரைக் கேளுங்க."

வாசலில் நின்ற முப்பது பேரும் சிரித்தார்கள். பேச்சை நிறுத்தி வைத்தவர்கள் சிரித்தால் என்ன செய்ய முடியும்? மறுபடி ஒரு தடவை பேச்சை நிறுத்த முடியுமா? அம்மா மேஜையைத் தட்டினார்கள். கோர்ட் நடக்கும்போது ஊழியர் கையைப் பிடித்து இழுத்தது, நடவடிக்கைக்கு இடைஞ்சல் செய்தது என்று என்னமோ சொல்லி எழுதினார்கள். எனக்கு இருநூறு ரூபாய் அபராதம். கோர்ட் கலைவதற்குள் கட்ட வேண்டும், கட்டாவிட்டால் உள்ளே.

இருநூறு ரூபாயை ஐந்து நிமிஷத்தில் வாங்கிவிட்டார்கள். வாரண்ட் இல்லை, தபால் இல்லை, ஏட்டு இல்லை, புரோட்டா இல்லை. ரசீது இதோ. பிளாஸ்டிக் போட்டு வைத்திருக்கிறேன். அபராதம் வசூலிக்க இந்தக் கோர்ட்டுக்குத் தெரியாது என்று யாராவது சொன்னால் நான் இதைக் காட்டுவேன்.

நான் பணத்தைக் கட்டிவிட்டுத் திரும்பி வரும்போது உள்ளே பொன்னழகு நிற்கிறாள். திருப்பூரிலிருந்து வந்திருக்கிறாள். கையில் மகளிர் குழுக் கடன் புத்தகம், மாட்டு இன்சூரன்ஸ் காகிதம். விஷயம் தெரிந்ததிலிருந்து குழுவுக்கும் பேங்குக்கும் மாற்றி மாற்றி நடந்து காகிதம் வாங்க இத்தனை நாள் ஆகிவிட்டதாம். காகிதத்தில் ஒரு நம்பர். மாட்டுக் காதில் மஞ்சள் வில்லையில் ஒரு நம்பர். கிளார்க் வெளியே போய்ப் பார்த்துவிட்டு வந்து, "சரியா இருக்கும்மா" என்றார்.

எண்பத்து நாலு நாள் அந்தக் காதைத் தடவிவிட்டவன் நான். எண் படிக்கத் தெரியும் என்று உங்களிடம் முதலிலேயே சொன்னேன் அல்லவா? அந்த நம்பரை ஒரு நாளும் நான் படிக்கவில்லை. துண்டை உருவின அன்றைக்கு அந்தக் காளையைச் சடையாண்டியே கமிஷன் இல்லாமல் இருபத்திரண்டுக்கு முடித்துக் கொடுத்தானாம். அந்தப் பணத்தைக் குழுவில் போட்டு, கடனும் வாங்கி, கன்று வாங்கி வளர்த்து, அந்த மாடுதான் இது. சந்தையில் எல்லாருக்கும் தெரியுமாம். எனக்கு மட்டும் ஒருத்தனும் சொல்லவில்லை. எப்படிச் சொல்வான், ஐம்பத்தேழு பேரோடு நான் பேசுவதில்லையே. பேசுகிற மூன்று பேரில் ஒருத்தனுக்குக் காது கேட்காது, ஒருத்தன் மகன் வீட்டுக்குப் போய்விட்டான். மூன்றாவது ஆளைக் கேட்டேன், "உனக்குத் தெரியும்னு நினைச்சேன் பரமா, தெரிஞ்சேதான் செய்யிறேன்னு நினைச்சேன்" என்கிறான். என்னைப் பற்றி அவனுக்கு இருக்கிற எண்ணத்தைப் பாருங்கள்.

மாட்டையும் கன்றையும் பொன்னழகிடம் ஒப்படைக்க உத்தரவு. தீனிச் செலவு? அதற்குத் தனியாக மனுப் போடலாமாம். யார்மேல் போடுவது என்று ரத்தினவேலுக்கே தெரியவில்லை. கடைசியில், "உங்கமேலயே போடணும்ணே" என்றார்.

வெளியே வந்தேன். பொன்னழகு மாட்டை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். மாடு என்னைப் பார்த்துக் கத்தியது. பருத்திக்கொட்டைக்காகத்தான். அவள் மாட்டின் விலாவைத் தடவிப் பார்த்துவிட்டு, "நல்லா வச்சிருந்திருக்கீகண்ணே. எலும்பே தெரியல" என்றாள். என்னை அண்ணன் என்கிறாள்.  அந்த நாலாயிரத்தை நினைத்துக் குத்திக் காட்டுகிறாளோ என்று கொஞ்சம் சந்தேகம் இருந்தது. முகத்தில் அப்படி ஒன்றும் தெரியவில்லை. பொம்பளைகள் மறைத்துவிடுவார்கள்.

அப்போதுதான் சடையாண்டி வந்தான். பதினோரு வருஷத்தில் முதல் தடவையாக ஒரு முழ தூரத்தில் வந்து நிற்கிறான். தலை முழுக்க நரைத்துவிட்டது.  தோளிலிருந்து துண்டை எடுத்துத் தன் கைமேல் போட்டு, என் பக்கம் நீட்டினான்.

சந்தைக்காரன் துண்டை நீட்டினால் கை கொடுத்துத்தான் ஆக வேண்டும். எனக்கு ஒன்றும் இஷ்டமில்லை, கை தானாகப் போய்விட்டது. துண்டுக்கு உள்ளே அவன் தேடினான். சுண்டுவிரலைத் தொட்டான், விட்டான். மோதிர விரல், நடுவிரல், விட்டான். இந்த விரலுக்கு வந்தான். பிடித்தான்.

நான் காத்திருந்தேன். ரெண்டாயிரத்து ஐந்நூறு சொல்ல வேண்டுமென்றால் இரண்டு விரலை முழுதாகவும் ஒரு விரலை மடக்கியும் பிடிக்க வேண்டும். அவன் வேறு விரலுக்குப் போகவே இல்லை. எலும்பு கூடாமல் முண்டாக நிற்கிற இடம் இருக்கிறதே, இங்கே, அந்த இடத்தில் கட்டைவிரலை வைத்து மெதுவாகத் தடவினான். ஒரு தடவை இல்லை. விலை பேசும்போது முகத்தைப் பார்க்கக்கூடாது என்பது தொழில்முறை. ஆனாலும் பார்த்தேன். அவன் கண்ணில் தண்ணீர் நின்றது. கோர்ட் வாசலில் லாரிகள் கிளப்புகிற தூசி அப்படி.

நான் மனசுக்குள் கணக்குப் போட்டேன் சார். ஒரே ஒரு விரல். முழு விரலாக வைத்துக்கொண்டால் ஆயிரம். மடங்கின விரல் என்று வைத்துக்கொண்டால் ஐந்நூறு. பதினோரு வருஷம் கழித்து வந்து, அவன் உடைத்த விரலை வைத்தே எனக்கு ஐந்நூறு ரூபாய்க்கு விலை கேட்கிறான். நான் கையை உருவிக்கொண்டேன்.

"கட்டாது" என்றேன்.

அவன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டான். "சரி பரமா" என்றான். கன்றைத் தூக்கி வண்டியில் ஏற்றப் போய்விட்டான்.

வீட்டுக்கு வந்து வீராயியிடம் சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்தவள், "ரொம்ப நேரம் பிடிச்சிருந்தாரா?" என்றாள்.

"ஆமா. ஒரு பீடி குடிக்கிற நேரம் இருக்கும்."

"அப்ப அது விலை இல்லீங்க" என்றாள்.

பொம்பளைகளுக்குச் சந்தைக் கணக்கு தெரியாது. பிடித்தது ஒரு விரல். ஒரு விரலுக்கு என்ன அர்த்தமோ அதுதான் அர்த்தம். ஆனால் அன்றிலிருந்து அவள் சாப்பாடு போடும்போது என் முகத்தைப் பார்ப்பதில்லை, இந்த விரலைப் பார்க்கிறாள்.

அந்த வளைவு தாண்டினால் கோர்ட் ஸ்டாப். இன்றைக்கு ஆறாவது வாரண்ட் கேட்டு மனு. ரத்தினவேல் இருநூறு ஆக்கிவிட்டார். அந்தக் கிளார்க் இன்னும் அதே மேஜையில்தான் இருக்கிறார், என்னைக் கண்டதும் இரண்டு கையையும் மேஜைக்குக் கீழே வைத்துக்கொள்வார். கொஞ்சம் நகர்கிறேன், நீங்களும் இங்கேதானே இறங்க வேண்டும்? இல்லையா? போன ஸ்டாப்பா? சொல்லியிருக்கலாமே சார்.

சரி, வருகிறேன். பெயர் ஞாபகம் இருக்கட்டும், நரியூத்து சடையாண்டி. நான் வட்டி கேட்கவில்லை, தீனிக்காசு கேட்கவில்லை, டாடா ஏஸ் வாடகை கேட்கவில்லை. அவன் வெட்டவெளியில், துண்டு இல்லாமல், நாலு பேர் பார்க்க, ஒவ்வொரு தாளாக எண்ணி இந்தக் கையில் வைக்க வேண்டும். ரெண்டாயிரத்து ஐந்நூறு. இன்றைய தேதி வரைக்கும் வைக்கவில்லை.